எஃப்.சி. திணை: மேட்டடார் வேனை முன்வைத்து ஓர் ஆய்வு

அகத்திணை ஏழு என்று சொல்லித் தொல்காப்பியம் நிறுத்திக்கொண்டது. இப்போதுள்ள மோட்டார் வாகனச் சட்டம் வந்ததே 1988-ல்தான் என்பதால் தொல்காப்பியரைக் குறை சொல்ல முடியாது. தகுதிச் சான்று இல்லாத வாடகை வண்டி, செல்லத்தக்க பதிவு உள்ள வண்டியாகவே ஆகாது என்கிறது அச்சட்டத்தின் 56-ஆம் பிரிவு. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு அந்தச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது மத்திய விதிகளில் 62-ஆவது. ஊர் வழக்கில் இது ‘எஃப்.சி. காட்டுவது’. இதை எட்டாம் திணையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தலைவி, மேட்டடார் வேன். பூர்வீகம் ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே டெம்போ நிறுவனம் 1949-ல் இந்தப் பெயரில் முதல் வேனை இறக்கியது. இந்தியாவில் புனேயின் பஜாஜ் டெம்போ செய்தது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி. பெண் அழைப்பு, பழனி, பள்ளிக்கூடம், துஷ்டி என ஒரு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் போய் வந்தது. இப்போது மிஞ்சியிருப்பவை ஆண்டில் ஒருநாள் முழு ஆரோக்கியத்துடன் இருக்கின்றன. அந்த ஒருநாளே நமக்குப் பொருள்.

எஃப்.சி.க்கு நிலம், பட்டறையும் பட்டறை சார்ந்த இடமும். பெரும்பொழுது, சான்று காலாவதி ஆவதற்கு முந்தைய வாரம். சிறுபொழுது, ஆர்.டி.ஓ. மைதானத்தின் காலை. கருப்பொருள்களில் தெய்வம் முனீஸ்வரன். உணவு டீயும் வர்க்கியும். பறை ஏர் ஹாரன். அன்று மட்டும் அந்தப் பறையைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடிவிடுவர். உரிப்பொருள் காத்திருத்தல். அப்படியானால் இது முல்லையில் அடங்காதோ எனின், அடங்காது. கார்காலத்தில் தலைவன் வந்துவிடுவான் என்ற நம்பிக்கை முல்லைத் தலைவிக்கு உண்டு. நாளைக்கு வருவதாகச் சொன்ன வெல்டரைப் பற்றி அப்படி ஒரு நம்பிக்கை எவருக்கும் இல்லை.

துருவைப் பொறுத்தவரை பட்டறை அறிஞர்கள் இரு கட்சி. பழைய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வைத்து வெல்டு பிடிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தால் போதும் என்பர் மறுசாரார். பின்னவர் கொள்கையே நாட்டில் வென்றது, காரணம், விலை. பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவைச் சுரண்டிப் பார்த்தால் அதன் வரலாறு தெரியும். மேலே பள்ளி வேனாக ஓடிய காலத்து மஞ்சள், அதன் கீழே வெள்ளை, அதற்கும் கீழே நீலம், ஆக அடியில் ஓட்டையை அடைக்கத் திணித்த தினத்தாள் உருண்டை. தேதி கிழியாமல் இருந்தால் காலநிர்ணயம் எளிது. கீழடி அறிஞர்கள் பொறுத்தருள்க.

மின்சாரப் பகுதி தத்துவம் சார்ந்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்கும். இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு மங்கும். ஓட்டுநர் இதைச் செய்வினை என்பார். ஒயரிங் தம்பி பல்ப் ஹோல்டரைக் கழற்றி, அதன் அடியில் பச்சை பூத்த திருகாணியைப் பிளேடால் சுரண்டிவிட்டு, “எர்த் இல்லண்ணே” என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுவான். தன் வழி அடைபட்ட மின்சாரம், பக்கத்து விளக்கு வழியாகப் புகுந்து பூமியைத் தேடுகிறது. இதைவிடச் சுருக்கமாக மறைஞானத்தை விளக்கிய உரை நான் கண்டதில்லை.

புகைச் சோதனையிலும் நுட்பம் உண்டு. பழைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. ஆகவே முதல் நாளே டீசல் பம்பின் திருகைக் குறைத்துவைப்பர். வண்டி மேடு ஏறாது, ஆனால் புகையாது. சான்று கைக்கு வந்த அன்று மாலையே திருகு பழைய இடத்துக்குப் போய்விடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோ 80 கிலோமீட்டரைத் தாண்டவிடாமல் தடுப்பதற்கு. இறக்கத்தில்கூட 60-ஐத் தொடாத வண்டிக்கு அதை மாட்டுவது மரியாதை நிமித்தம் என்க.

இனிப் பரீட்சை. மோட்டார் வாகன ஆய்வாளரை மக்கள் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைப்பது வெறும் வழக்கன்று, அனுபவம். முன்னே வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னே சிவப்பு என்று ஒளிரும் பட்டை ஒட்டி, ஹெட்லைட் நடுவே கறுப்புப் பொட்டும் வைத்து, பெண் பார்க்க வருபவர் முன்னால் நிற்பதுபோல வண்டி நிற்கும். ஆய்வாளரோ எதையும் ரசிக்காமல், “ஓட்டிட்டு வந்து பிரேக் போடு” என்பார். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நாலு விநாடிதான் முழுச் சடங்கிலும் உண்மையானது. மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களைக் கட்டாயமாக்கி 2022-ல் அறிவித்துவிட்டு, அந்தத் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்துவந்தது. உருளைமேல் ஏற்றிப் பிரேக்கை அளக்கும் எந்திரத்துக்குப் பொட்டும் தெரியாது, பெயிண்டும் தெரியாது. பட்டி மரபுக்கு அதனால் பேரிடர் நேரும் என்போர் நம் பட்டறைகளின் தகவமைப்பாற்றலைக் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

கடைசியாக, இரவல் பொருள். ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் மூன்றும் எஃப்.சி. மைதானத்தில் வண்டிக்கு வண்டி இடம்பெயர்பவை. தேய்ந்த டயருள்ள வேன்கள் நாலு இருக்கும் ஸ்டாண்டில் நல்ல ஸ்டெப்னி ஒன்று இருக்கும். நாலும் அதைக் காட்டியே தேறும். இது ஏமாற்று என்பாரும் உளர். கூட்டுறவு என்பாரும் உளர். நடுரோட்டில் பஞ்சராகி நிற்பவரைக் கேட்டால் முதல் கட்சியே சரி என்பார். எனக்கும் அதுவே உடன்பாடு.

ஆகவே ஸ்டாண்டு நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆளுக்கொரு ஸ்டெப்னி வாங்கிவிடுங்கள். அதுவரை, போன வாரம் தீயணைப்பானை வாங்கிப்போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும். வெள்ளிக்கிழமை இன்னொரு வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறது.