முதலில் தராசு வாங்கியிருக்கலாம்

தூண்டில் ராடின் கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். எத்தனை அவுன்ஸ் எடையுள்ள லூரை, அதாவது பொய்யிரையை, இதால் வீசலாம், எத்தனை பவுண்டு நரம்பு போடலாம் என்ற இரண்டே தகவல்தான் அதில் இருக்கும். என் முதல் ராடில் 3/8 முதல் 1 அவுன்ஸ் வரை என்று போட்டிருந்தது. அதாவது 10 கிராமிலிருந்து 28 கிராம். நான் அதன் நுனியில் கட்டியது எட்டு அங்குல டிரவுட் மீன் பொம்மை. முள்ளோடு சேர்த்து நாலு அவுன்ஸுக்கு மேல். நூறு கிராமைத் தாண்டும். மருந்து டப்பாவில் உள்ள எச்சரிக்கைகளைக்கூட விடாமல் படிக்கிறவன் நான். இந்த வரி கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். படித்தேன். கம்பெனிக்காரர்கள் பயந்துபோய்க் குறைத்துப் போட்டிருப்பார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

இவ்வளவு பெரிய பொய்மீனை எதற்கு வீச வேண்டும்? நான் இருப்பது தெற்குக் கலிபோர்னியாவில், சான் டியேகோ பக்கம். 1959இல் ஃப்ளோரிடாவிலிருந்து பெருவாய் பாஸ் மீன்களைக் கொண்டுவந்து இங்குள்ள நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். குளிர்காலத்தில் தூண்டில்காரர்களுக்காக ரெயின்போ டிரவுட்டை லாரியில் கொண்டுவந்து ஏரிகளில் கொட்டுவதும் வழக்கம். விருந்து வைத்தது மனிதர்களுக்கு. பந்தியில் முதலில் உட்கார்ந்தது பாஸ். கொழுத்த டிரவுட்டாகத் தின்று அவை வளர்ந்த வளர்ச்சியைப் பார்த்த பிறகுதான் டிரவுட் உருவத்திலேயே லூர் செய்யலாம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தோன்றியது. ஆலன் கோல் மரத்தில் 'ஏசி பிளக்' செய்தார். பின்னால் கென் ஹடில்ஸ்டன் ரப்பரில் செய்த டிரவுட்டைத் தண்ணீரில் விட்டால் நிஜ டிரவுட்டே ஏமாந்துபோகும்.

எஸ்கொண்டிடோ ஊரில் டிக்சன் ஏரி என்று ஒன்று இருக்கிறது. 2006 மார்ச்சில் அங்கே 25 பவுண்டு 1 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைக் கரையேற்றினார்கள். முள் வாயில் மாட்டாமல் உடம்பில் குத்தியிருந்ததால் பிடித்தவர்கள் சாதனை என்று உரிமை கோரவில்லை. எடை போட்டுவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்கள். அந்த ஏரி என் வீட்டிலிருந்து காரில் போய்வருகிற தூரம். ஒருவன் கெட்டுப்போக இது போதாதா?

சாதனை என்றதும் ஜார்ஜ் பெர்ரியைச் சொல்லாமல் விட முடியாது. 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் மான்ட்கோமரி ஏரியில் அவர் பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். அன்று அவரும் கூட வந்தவரும் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ராடும் ஒரே ஒரு லூரும்தான் வைத்திருந்தார்கள் என்பார்கள். மீனை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைத்தும் சாப்பிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவான எடைதான் கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது தாண்ட வேண்டும் என்பது விதி. அதனால் இருவரும் சமம் என்று அறிவித்துவிட்டார்கள். இந்த விளையாட்டில் ஓர் அவுன்ஸை எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பது அதைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது ஜப்பானிய ராடு எங்கே கிடைக்கும் என்பது மட்டும்.

நான் செய்த தவறெல்லாம் ஒரே தவறிலிருந்து கிளைத்தவைதான். பிடிக்கப்போகிற மீனின் எடைக்கு நான் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். ராடு கேட்பது மீனின் எடையை அல்ல, வீசப்போகிற லூரின் எடையை. பின்பக்கம் கொண்டுபோகும்போது நுனியில் தொங்கும் எடை ராடை வளைக்கிறது. வளைந்த ராடு நிமிரும்போது அந்த எடையை எறிகிறது. எடை போதாவிட்டால் ராடு வளையாது. மிஞ்சிவிட்டால் வளைந்தது நிமிரத் திணறும். மீன் எப்போதாவது வரும், வராமலும் போகும். லூரை நாள் முழுக்க வீசியாக வேண்டும்.

கனமான லூரை வீசுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. நுனியிலிருந்து இரண்டு மூன்று அடி நரம்பைத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, அவசரமில்லாமல் ஒரே சீராகச் சுழற்றி விட வேண்டும். எனக்குக் கிரிக்கெட் மைதானத்தில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிந்த பழக்கம். மணிக்கட்டை வெடுக்கென்று வெட்டினேன். ரீலின் உருளை லூரைவிட வேகமாகச் சுழன்றது. வெளியே போக வேண்டிய நரம்பு உருளைக்குள்ளேயே சுருண்டு, பந்தாகி, இறுகி நின்றது. பறந்துகொண்டிருந்த லூர் நரம்பை அறுத்துக்கொண்டு தன் வழியே போனது. என் வாழ்நாளின் மிக நீண்ட வீச்சு அதுதான். ஏரியின் நடுவில் போய் விழுந்தது.

அன்று கட்டியிருந்தது மிதக்கிற வகை என்பதால் தப்பித்தேன். கயாக்கில் வந்த பெரியவர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். நன்றி சொன்னேன். ராடைக் காட்டச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கைப்பிடிக்கு மேலே இருந்த அந்தப் பொடி எழுத்து வரியை நிதானமாக, எனக்குக் கேட்கும்படி படித்தார். வேறெதுவும் சொல்லாமல் துடுப்புப் போட்டுப் போய்விட்டார்.

அடுத்த ராடை ரோஷத்தோடு வாங்கினேன். 2 முதல் 8 அவுன்ஸ் வரை. நீளம் 7 அடி 11 அங்குலம். அது என்ன ஓர் அங்குலக் குறைவு என்றால், பாஸ் போட்டிகளில் நெடுங்காலம் ராடு 8 அடிக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருந்தது. செய்கிறவர்கள் அந்த வரம்பை ஒட்டியே செய்து பழகிவிட்டார்கள். போட்டிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும் அந்த ஓர் அங்குலத்தை நானும் விட்டுக்கொடுத்தேன். சில நீள ராடுகளில் கைப்பிடிப் பகுதி உள்ளே சரிந்து குறுகும். என்னுடையது ஒரே துண்டு. காரின் பின் கண்ணாடியில் தொடங்கி என் மனைவியின் காது வழியாக முன் கண்ணாடி வரை வந்தது. அதை முதன்முதலில் பார்த்தபோது அவள் கேட்டாள்: "ஏங்க, மீனைப் பிடிக்கப் போறீங்களா, அடிக்கப் போறீங்களா?"

கேள்வி நியாயமானது. இரும்புக் கம்பியைப்போல விறைத்த ராடு அது. 8 அவுன்ஸ் வரை தாங்கும் என்று இருந்தால் 2 அவுன்ஸையும் அதே சுகத்தோடு வீசும் என்று நம்பினேன். அச்சிட்டிருக்கும் எல்லையின் இரண்டு முனைகளிலும் ராடு மனமில்லாமல்தான் வேலை செய்யும். நடுவில்தான் அதற்கு உயிர். என்னிடம் இருந்த லூர்களில் பாதி இரண்டு அவுன்ஸைச் சுற்றி இருந்தன. அவற்றைக் கட்டினால் நுனி அசையக்கூட இல்லை. அப்படியும் ஒரு மீன் கிடைத்தது. லூரைவிடச் சற்றே பெரிய பாஸ்! பாஸுக்குத் தன் அளவு தெரியாது. தன்னில் பாதிக்கு மேல் நீளமுள்ள இரையையும் பாய்ந்து கடிக்கும். அந்த வகையில் எங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம். ராடு வளையவே இல்லாததால் நீர்ப்பாசி மாட்டியிருக்கிறது என்று நினைத்து முக்கால் தூரம் இழுத்துவிட்டேன். கண் தெரிந்த பிறகுதான் மீன் என்று தெரிந்தது. உற்சாகத்தில் ஓங்கி இழுத்தேன். மும்முள் பிய்த்துக்கொண்டு வந்தது. மும்முள் வைத்த லூருக்கு நுனி கொஞ்சம் இளகிக் கொடுக்கிற ராடு வேண்டும், இல்லாவிட்டால் சின்ன வாய் கிழிந்துவிடும் என்பதை அந்த மீனின் செலவில் கற்றேன்.

ரீல் கதை தனி. இடக்கை ரீல் என்றால் இடக்கைக்காரர்களுக்கு என்று நினைத்து வலக்கை ரீல் வாங்கினேன். பெயர் குறிப்பது சுற்றும் பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். சாதாரண ஸ்பின்னிங் ரீலில் பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம்; உருளை சுழன்று வீசுகிற பெய்ட்காஸ்டிங் ரீலில் அது நடக்காது. வலது கையால் வீசி, ராடை இடது கைக்கு மாற்றி, வலது கையால் சுற்ற வேண்டியிருந்தது. கை மாறுகிற அந்த நொடியில் மீன் கடித்துவிடும் என்ற பயத்தில் ஓர் இடக்கை ரீல் வாங்கினேன். பெரிய லூர் தண்ணீரில் கொடுக்கிற இழுவைக்கு நாள் முழுக்க இடது கையால் சுற்றியதில் மணிக்கட்டு வீங்கியது. மறுபடி வலக்கைக்கு வந்தேன். இரண்டில் எதுவும் தப்பில்லை. இரண்டு வகையிலும் வெளுத்துக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அளவிலும் அடிபட்டேன். முதல் ரீல் 12 பவுண்டு நரம்புக்கென்று செய்த சிறியது. அதில் 25 பவுண்டு நைலான் நரம்பைச் சுற்றினால் ஐம்பது அறுபது கெஜத்தில் நிரம்பிவிட்டது. ஒரு நல்ல வீச்சுக்குப் பிறகு குனிந்து பார்த்தால் உருளையின் அடி உலோகம் பளபளக்கும். பெரிய லூருக்கு 300, 400 என்று எண் போட்ட பெரிய ரீல்களைச் சொல்வதற்கு முதல் காரணம் மீனின் பலம் அல்ல, தடித்த நரம்புக்கு இடம் வேண்டும் என்பதுதான்.

பல்சக்கர விகிதத்திலும் அப்படித்தான். டிரவுட் பொம்மையை மெதுவாகக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். 7:1 விகித ரீலை ஒதுக்கிவிட்டு 5.3:1 வாங்கினேன். லூர் முன்பு வந்த அதே வேகத்தில் வந்தது. நாலாம் வகுப்புக் கணக்கு. சின்ன ரீலின் உருளை நிரம்பியிருக்கும்போது விட்டம் 34 மில்லிமீட்டர். பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 75 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். பெரியதன் விட்டம் 43 மில்லிமீட்டர்; விகிதம் குறைந்தும் 72 சென்டிமீட்டர் வரும். விகிதத்தைப் பார்த்து வாங்காமல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நரம்பு என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அதையும் பெட்டியில் போட்டிருந்தார்கள். குறைந்த விகிதத்தின் நிஜமான லாபம் சுற்றுவதற்கு லேசாக இருப்பது. கைக்கு அது தெரிந்தது, மூளைக்குத்தான் தாமதமாக எட்டியது.

நரம்புச் சிக்கு மட்டும் தீரவில்லை. உருளை மிஞ்சிச் சுழலாமல் பிடிக்கிற காந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள், எடி கரன்ட் பற்றிப் படம் போட்டு விளக்குவேன். கல்லூரித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி. விளக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்து நரம்புப் பந்தைப் பிரிப்பேன். பிரேக் எத்தனை இருந்தாலும் லூர் தண்ணீரைத் தொடுகிற கணத்தில் கட்டைவிரலால் உருளையை நிறுத்தியாக வேண்டும். நான் அந்த நேரத்தில் லூர் விழுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த ரீல்களின் முன்னோடி, கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் செய்தது. 1952இல் அம்பாசடர் ரீலைக் கொண்டுவந்த ஸ்வீடனின் அபு நிறுவனமும் கடிகாரமும் டாக்சி மீட்டரும் செய்து தொடங்கியதுதான். கடிகாரத்தைத் திறக்க அஞ்சுகிற நான் ரீலைத் திறந்தேன். தாராளமாக எண்ணெய் விட்டேன். உராய்ந்து நிறுத்த வேண்டிய பிரேக் கட்டைகளில் எண்ணெய் இறங்கியதும் அவை வழுக்கின; இருந்த பிரேக்கும் போயிற்று. இடக்கை ரீலிலிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளிக் குதித்து வீட்டுக்குள் எங்கோ வாழ்கிறது.

ராடு, ரீல், நரம்பு எல்லாம் ஒருவழியாகப் பொருந்திய ஒரு காலையில், கரையோரம் வந்துகொண்டிருந்த டிரவுட் பொம்மைக்குப் பின்னால் ஒரு நிழல் வந்தது. என் தொடை அளவு இருக்கும் என்று சொல்வேன். தூண்டில்காரன் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பின்தொடர்ந்து வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப்போகிற பெரிய மீன்கள் இந்த லூர்களுக்குச் சகஜம். அமைதியாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பதறி ராடைத் தூக்கினேன். லூர் தண்ணீரிலிருந்து கிளம்பி என் தலைக்கு மேலாகப் பறந்து பின்னாலிருந்த புதரில் மாட்டியது. நிறுத்துப் பொருத்திய ராடு. பிரமாதமான வீச்சு.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் முதலில் லூரை வாங்குங்கள். முள், வளையம் எல்லாவற்றோடும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் எடையை நம்ப வேண்டாம். அந்த எடை நடுவில் விழுகிற ராடை எடுங்கள். 25 பவுண்டு நரம்பு நூறு கெஜமாவது பிடிக்கிற ரீல் போதும். பணத்தில் மிச்சம் இருந்தால் இன்னொரு ரீல் வாங்காமல் கூடுதலாக நரம்பு வாங்கி வையுங்கள். வேண்டியவர்களுக்கு என்னிடம் இடக்கை ரீல் ஒன்று பெட்டியோடு இருக்கிறது, இலவசம். ஸ்பிரிங் கிடைத்ததும் தனியாக அனுப்பிவைக்கிறேன்.