செஞ்சி வட்டாரப் பெயிண்ட் கலப்பியல்: ஒரு முன்னாய்வு

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள் செஞ்சிக் கோட்டையைத் தாங்குகின்றன. சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று நிறங்கள் பெயிண்டரைத் தாங்குகின்றன. இந்த ஒற்றுமை தற்செயல் என்று இதுவரை எவரும் நிறுவாததால், தற்செயல் அல்ல என்றே கொள்க.

நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறங்களை வட்டமாக அடுக்கினார். அவர் கலந்தது ஒளியை. எல்லாம் சேர்ந்தால் வெள்ளை. செஞ்சி பெயிண்டர் கலப்பது மீந்த டப்பாக்களை. ஒவ்வொரு நிறமியும் தன் பங்குக்கு ஒளியை விழுங்கிவிடுவதால், எல்லாம் சேர்ந்தால் கொல்லைப்புறக் கழிவறைக் கதவின் நிறம்.

பச்சை: நீலமும் மஞ்சளும்.

காவி: அரசியல் கருதித் தவிர்க்கப்பட்டது.

வெள்ளை: பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கையில் துளி நீலம் போடுவர். அது சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை அடக்கிவிடும். கண்ணுக்கு வெண்மை கூடும்.

இனித்தான் சிக்கல். மஞ்சளோடு வெள்ளை சேர்ந்தால் வெளிர்மஞ்சள் என்பது விதி. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கரைத்தாலோ ரத்தச் சிவப்பு! சுண்ணாம்பு வெள்ளையே அல்ல என்பர் ஒரு சாரார் (பெயிண்டர் ஒருவரின் கைலி, முன்மடிப்பு, கறை 3). மஞ்சள்தான் மஞ்சள் அல்ல என்பர் மறுசாரார் (அதே கைலி, துவைப்பதற்கு முந்திய பாடம்). இரண்டையும் மறுக்கும் மூன்றாம் சாரார் தம்மையே மேற்கோள் காட்டுவர் (மேலது, கைலிக்கு உரியவர் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டதால் கறை எண் சரிபார்க்கப்படவில்லை). "சுண்ணாம்பு பட்டா செவக்கும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிடும்" என்கிறார் ஆரத்தி எடுக்கும் அத்தை. மஞ்சளின் குர்குமின் காரத்தில் சிவந்து அமிலத்தில் மஞ்சளாவதைத்தான் அவர் சொல்கிறார். முனைவர் பட்டம் இல்லாததால் அடிக்குறிப்பில் அவருக்கு இடமில்லை.

செஞ்சிக்குப் பக்கத்துப் பனமலையில் பல்லவர் கால ஓவியத்து உமையின் நிறக்கலப்பைப் பக்கம் பக்கமாக விளக்கும் அறிஞர்கள்கூட, சொந்த வீட்டுக்குப் பெயிண்ட் என்றால் கடைக்காரர் நீட்டும் நிற அட்டையை வாங்கி மனைவி கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

வாசகருக்கு ஒரு விண்ணப்பம். கலந்ததைச் சுவரில் ஓரடி தடவிக் காயவிட்டுப் பிறகு கருத்துச் சொல்லுங்கள். சுண்ணாம்பு காய்ந்தால்தான் வெளுக்கும். மொத்தச் சுவருக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். மறுமுறை கலந்தபோது அதே நிறம் வந்ததாக எந்தக் கல்வெட்டிலும் இல்லை.