முறைமாமன் உரிமை

கேள்வி: என்.பி.ஏ. கூடைப்பந்தில் 'ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்' என்கிறார்களே, அந்த ஆட்டக்காரருக்குச் சுதந்திரம் உண்டா, இல்லையா?

பதில்: பாதி உண்டு. வேறு அணி அவருக்கு விலை பேசலாம். ஆனால் முகூர்த்த நேரத்தில் முறைமாமன் வந்து நிற்பதுபோல், "அதே தொகையை நாங்களே தருகிறோம்" என்று பழைய அணி சொல்லிவிட்டால் அவர் அங்கேயேதான் ஆடவேண்டும். அந்தப் பதில் வரும்வரை, விலை பேசிய அணியின் சம்பள உச்சவரம்பில் அந்தத் தொகை முடங்கிக் கிடக்கும். அதற்குள் மற்ற நல்ல ஆட்டக்காரர்கள் கைநழுவலாம்.

2012இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் பழைய அணியின் இந்த உரிமையை முறியடிக்க அருமையான வழி கண்டது. உச்சவரம்பு அப்போது சுமார் 5.8 கோடி டாலர். நியூயார்க் நிக்ஸின் ஜெரமி லின், சிகாகோ புல்ஸின் ஓமர் ஆஷிக் இருவருக்கும் மூன்றாண்டுக்குத் தலா சுமார் 2.51 கோடி பேசியது. முதல் ஆண்டு 50 லட்சம்; மூன்றாம் ஆண்டிலோ ஏறக்குறைய ஒன்றரைக் கோடி! விதிப்படி, ஹூஸ்டன் கணக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 84 லட்சம்தான் ஏறும். பழைய அணி தக்கவைத்தால் மூன்றாம் ஆண்டின் முழுச் சுமையும், மொத்தச் சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் விழும் ஆடம்பர வரியும் அதன் தலையில். இரண்டு அணிகளும் விலகிக்கொண்டன.

இளைஞர்களுக்கு உரிய விலை கிடைத்தது. அதனால் எனக்கு இந்த வியூகம் பிடிக்கும். லின்னை 2011 டிசம்பரில் கழற்றிவிட்டதும் இதே ஹூஸ்டன்தான். திறமையைத் தாமதமாக அடையாளம் கண்டால் வட்டியோடு கட்டத்தான் வேண்டும்!