டச்சுக்காரர்

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613இல். துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள், நாணயம் அடித்தார்கள், பலர் அங்கேயே மண்டையோடு செதுக்கிய கல்லறைகளில் படுத்தும்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்கள் 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனதாக வரலாறு சொல்கிறது. வரலாற்றாசிரியர்கள் தாம்பரம் பக்கம் வந்து பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே தெருவுக்கு ஒரு டச்சுக்காரர் இன்னமும் இருக்கிறார்.

இவர்கள் கடல் வழியாக வந்தவர்கள் அல்லர். "கமிஷனர் ஆபீஸ்ல எல்லாரும் நம்ம டச்சுலதான் இருக்காங்க", "அவரோட நல்ல டச்சு உண்டு", "நடுவுல கொஞ்சம் டச் விட்டுப்போச்சு" என்று வாய்க்கு வாய் சொல்லியே அந்தப் பட்டத்தைச் சம்பாதித்துக்கொண்டவர்கள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வு பெறாமலேயே ஓய்வாக இருப்பவர். அரைக்கைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ். அது யாருடைய மனு என்பது அவருக்கே மறந்திருக்கும்; ஆனாலும் அந்தத் தாள் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. டீக்கடையிலோ கோயில் பிராகாரத்திலோ "பட்டாவுல பேர் மாத்தணும், இழுத்தடிக்கிறாங்க" என்று யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் போதும். முழங்கையில் ஒரு கை விழும். திரும்பினால் அவர். "தாலுகா ஆபீஸா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?" பிடித்த கையை விட மாட்டார். தொடாமல் அவருக்குப் பேச வராது. முழங்கையில் ஆரம்பித்துத் தோளுக்கு ஏறி, விஷயம் ரகசியமானது என்றால் நம் காதருகே வந்துவிடுவார். அவர் சொல்லும் ரகசியமோ பெரும்பாலும் அலுவலக வாசலில் போர்டில் எழுதி வைத்திருப்பதுதான்.

அவருடைய டச்சில் பல படிகள் உண்டு. பழகினால்தான் பிரித்தறிய முடியும். 'டச்சுல இருக்கேன்' என்றால் நம்பர் இருக்கிறது. 'நல்ல டச்' என்றால் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை. 'ரொம்ப வருஷத்து டச்' என்றால் அந்த அதிகாரி இவர் பெயரைத் தப்பாகவாவது சொல்வார். 'டச் விட்டுப்போச்சு' என்றால் அவர் இவருடைய போனை எடுப்பதில்லை. எல்லாவற்றுக்கும் உச்சம், 'லேசா டச் பண்ணி வெச்சிருக்கேன்' என்பது. யாரை, எங்கே, எப்போது என்றெல்லாம் கேட்கக் கூடாது. நம் காரியத்தை எங்கோ யாரோ மெல்லத் தொட்டுவிட்டார்கள். இனி அது தானாக அசையும்.

அசையவும் செய்யும், அதுதான் விசேஷம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒருவருக்கு வெயிட்டிங் லிஸ்ட் 4. நம்மவர் கேள்விப்பட்ட மாத்திரத்தில், "பிஎன்ஆரை வாட்ஸ்அப்ல தட்டிவிடுங்க. டிஆர்எம் ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கார்" என்பார். ரயில்வேயில் எமர்ஜென்சி கோட்டா என்று ஒன்று நிஜமாகவே உண்டு. எம்.பி.க்களும் அதிகாரிகளும் கடிதம் கொடுத்தால், சார்ட் தயாராவதற்கு முன்னால் அதிலிருந்து சில இடங்களை ஒதுக்குவார்கள். நம்மவருக்கு இந்த ஏற்பாடு தலைகீழ்ப் பாடம். கடிதம் கொடுக்கிற எம்.பி.தான் ஒருவரும் இல்லை. அதனால் என்ன? வெயிட்டிங் லிஸ்ட் 4 என்பது, போதிய பேர் பயணத்தை ரத்து செய்தால் தானாகவே கன்ஃபர்ம் ஆகிவிடும். சார்ட் வருகிறது. எஸ்5, லோயர் பெர்த். ரயில்வே அனுப்பிய குறுஞ்செய்தியைப் படித்து முடிப்பதற்குள் போன் அடிக்கும்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார், ரொம்ப தேங்க்ஸ்."

"லோயரா?"

"லோயர்தான்."

"லோயர்தான் குடுக்கணும்னு சொல்லியிருந்தேன்."

ஒருவேளை வராவிட்டால்? அதற்கும் பதில் தயார். "லெட்டர் உள்ள போயிடுச்சு சார். கடைசி நிமிஷத்துல ஒரு ஜட்ஜ் ஃபேமிலி ஏறிட்டாங்க. நாம என்ன பண்ண முடியும்?" நீதிபதி குடும்பத்தோடு எப்படிச் சண்டைக்குப் போவது? நாமும் பேசாமல் கோயம்பேடு போய்ப் பஸ் ஏறிய காலம் உண்டு. இப்போது கிளாம்பாக்கம் போகிறோம்.

பொங்கலுக்கு முந்தின நாள், வெயிட்டிங் லிஸ்ட் 112 என்று போய் நின்று பாருங்கள். தொட மாட்டார். "ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்பார். அவருடைய தொழில்நுட்பம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. தானாக நடக்கப் போகிற காரியத்தை மட்டும் தொடுவது. பொறியியல் கலந்தாய்வில் 200க்கு 198 கட்-ஆஃப் வைத்திருந்த பையனுக்குக் கிண்டியில் இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்தப் பையனின் அப்பாவே இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பையன் மட்டும் எதுவும் சொல்வதில்லை.

அவருடைய பொற்காலம் 2020 ஆகஸ்ட். கொரோனா ஊரடங்கில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று காரணம் காட்டி விண்ணப்பித்தாலும் நிராகரிக்கிறார்கள் என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் நம்மவர் வாடிப் போயிருந்தார். ஒரு காரணம், எந்த டச்சும் வேலை செய்யவில்லை. இன்னொன்று, யாரையும் தொடக் கூடாது. ஆறடி தள்ளி நின்று முகக்கவசம் போட்டுக்கொண்டு ரகசியம் சொல்வது எப்படி? கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கத்திச் சொன்னதில் அது ரகசியமே இல்லை என்பது தெருவுக்குத் தெரிந்துபோனது. அப்புறம்தான் அரசு அறிவித்தது: ஆகஸ்ட் 17 முதல் ஆதார் எண்ணும் செல்பேசி எண்ணும் கொடுத்து விண்ணப்பிக்கிற எல்லாருக்கும் தாமதமின்றி இ-பாஸ். 18ஆம் தேதி காலையில் டச்சுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "யாருக்காச்சும் பாஸ் வேணும்னா சொல்லுங்க. கலெக்டரேட்ல பேசிட்டேன்."

இவரை புரோக்கர் என்று நினைத்துவிடக் கூடாது. புரோக்கருக்கு ஒரு நேர்மை உண்டு. இவ்வளவு ஆகும் என்பார், வாங்கிக்கொள்வார், முடித்தும் கொடுப்பார். நம்மவர் ஒரு பைசா தொட மாட்டார். ஆட்டோ சத்தம் கொடுக்கப் போனாலே முகம் சிவந்துவிடும். அவருக்கு வேண்டியது வேறு. நாலு பேர் இருக்கிற இடத்தில், முடிந்தால் அவர் காதில் விழும்படி, "சார் இல்லேன்னா நடந்திருக்காது" என்று நாம் சொல்ல வேண்டும். இதைவிடப் பணம் கொடுத்துவிடலாம் என்று சில சமயம் தோன்றும்.

இந்த வம்சம் இன்று நேற்று முளைத்ததில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே நின்ற துபாஷிகள் எல்லாருமே டச்சுக்காரர்கள்தான், பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தாலும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், சிபாரிசுக்கு வந்தவர்களும் கோள் மூட்டியவர்களும் வரிசையாக வருவார்கள். துய்ப்ளேயின் மனைவியைப் பற்றிய மனக்குறை தனி. பாவம், பிள்ளை நிஜமாகவே அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். அதனால் தூக்கம் போயிற்று. நம்மவர் யாருக்கும் பக்கத்தில் இல்லை. மத்தியானம் இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்குகிறார்.

அவருடைய போனை ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. வெறும் 'ஆர்டிஓ', 'பாஸ்போர்ட்', 'ஜிஹெச் லிஃப்ட்', 'ஈபி ஏணி'. பெற்றவர்கள் வைத்த பெயர் அதில் ஒருவருக்கும் இல்லை. விசாரித்தால் 'கலெக்டர்' என்று இருப்பவர் கலெக்டரின் டபேதார். 'ஆர்டிஓ' என்பவர் ஆர்டிஓ ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். சிரிக்கத் தோன்றுகிறது, ஆனால் யோசித்துப் பார்த்தால் தப்பான ஆட்களை அவர் பிடிக்கவில்லை. அதிகாரி இன்றைக்கு லீவா, ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறது, எந்தக் கவுன்ட்டரில் உள்ள அம்மா சிரித்துப் பேசுவார் என்பதெல்லாம் கலெக்டருக்குத் தெரியாது, டபேதாருக்குத் தெரியும். "செவ்வாக்கிழமை போகாதீங்க சார், மீட்டிங். புதன் பதினொண்ணரைக்குப் போங்க" என்று அவர் சொன்னால் நம்பிப் போகலாம். இந்தத் துப்பு ஒன்றுதான் அவரிடம் உள்ள அசல் சரக்கு. அதைத்தான் அவர் சல்லிக்காசுக்கு மதிப்பதில்லை. "அது யாரு வேணா சொல்லுவாங்களே" என்று ஒதுக்கிவிட்டு, அமைச்சரோடு எடுத்த போட்டோவைக் காட்டுவார். அமைச்சரைச் சுற்றி இருபது பேர். இவர் வலது ஓரம். பாதி முகம், முழுத் தோள். "தோள்ல கை போட்டிருக்காரு பாருங்க" என்பார். உற்றுப் பார்த்தால், அந்தக் கை போட்டோவில் இல்லாத யாருடையதோ.

டச் அறுந்துபோகாமல் இருக்கத் தினமும் விடியற்காலை முருகன் படத்தோடு ஒரு காலை வணக்கம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேருக்குத்தான் இடம் என்பதில் அவருக்கு வாட்ஸ்அப்காரர்கள்மேல் கோபம். ("அங்க மட்டும் யாரும் டச்சுல இல்ல சார்.") இவருடைய நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைக்காதவர்களுக்கு அந்த வணக்கம் போய்ச் சேராது என்கிற விதியை இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மேலிடத்துக்கு அனுப்பிய வணக்கங்களெல்லாம் வருஷக்கணக்காக ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. "பெரிய மனுஷங்க, பார்க்க நேரம் இருக்காது" என்பது அவர் விளக்கம்.

அவர் வீட்டு வாசலில் உள்ள தெருவிளக்கு தீபாவளியிலிருந்து எரியவில்லை. வீட்டம்மாவிடம் இதைக் கேட்டுவிடக் கூடாது. "ஊருக்கெல்லாம் டச், வாசல்ல டார்ச்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இந்தக் கட்டுரையில் சொன்னவற்றிலேயே நல்ல வாக்கியம் அதுதான், என்னுடையது இல்லை. நம்மவர் அசர மாட்டார். சொந்தக் காரியத்துக்குப் போய் யாரையும் கேட்பது அவர் கொள்கைக்கு விரோதம். "டச்சை இந்த மாதிரி சில்லறை விஷயத்துக்கெல்லாம் செலவு பண்ணக் கூடாதும்மா."

போன மாதம் புதிய எண்ணிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு. ஒரு அப்பா, பணிவான குரல். மகள் கவிதை எழுதுகிறாளாம், ஒரு பத்திரிகையின் பெயரைச் சொல்லி அதில் வர வேண்டுமாம். "நீங்கதான் அங்க எல்லாம்னு சொன்னாரு சார். உங்களோட அவருக்கு ரொம்ப வருஷத்து டச்சாமே?" யார் சொன்னது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய போனில் நான் 'பத்திரிகை' என்ற பெயரில் இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தப் பத்திரிகையில் என்னுடைய கட்டுரையே ஒன்று பதில் வராமல் மாதக்கணக்கில் கிடக்கிறது; ஆசிரியர் என் போனை எடுப்பதில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் குரலில் அவ்வளவு நம்பிக்கை.

"பொண்ணோட பேர், கவிதைத் தலைப்பு ரெண்டையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றேன். "ஒரு வாரம் டைம் குடுங்க."