மாம்பழம் இல்லாத சேலத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்:
ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா,
ஹில்ஸ்பரோ, ஒரேகான்.

பெறுநர்:
வரவு செலவைத் தீர்மானிக்கும் மாநிலச் சட்டமன்றப் பெருமக்கள்,
சேலம், ஒரேகான் (மாம்பழம் இல்லாத சேலம்).

பொருள்: வெளிப்புறப் பள்ளி முகாம்களின் கூரை ஒழுகுவது தொடர்பாக.
பார்வை: 2016 நவம்பரில் மக்கள் போட்ட ஓட்டு, மெஷர் 99.

பெருமதிப்புக்குரியவர்களே,

மனு என்றால் முதலில் பாராட்ட வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம். ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் காட்டில் தங்கி மண்ணையும் ஆற்றையும் மீனையும் படிக்கட்டும் என்று இந்த மாநிலத்தில் ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 67 பேர் ஆதரவு தந்தார்கள். லாட்டரி வருமானத்தில் 4 சதவீதம், ஆண்டுக்கு 2.2 கோடி டாலருக்கு மிகாமல், இதற்கென்றே ஒதுக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். நல்ல காரியம். நீங்களும் மறு ஆண்டே கூடி உட்கார்ந்து, இரண்டு வருடத்துக்கு 4.4 கோடி வரை போயிருக்கக்கூடிய தொகையை 2.4 கோடியாக்கி, மக்கள் தீர்ப்பை மதித்தீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலேயே மதித்தீர்கள்.

நான் 2003-இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்த தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். இங்கே மதுக்கூடத்து மூலையில் இருக்கும் வீடியோ லாட்டரி இயந்திரத்தில் ஒருவர் சம்பளத்தை விடுகிறார். அதில் ஒரு துளி நகர்ந்து வந்து, வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு மண்புழுவைக் காட்டுகிறது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. டாஸ்மாக் பணத்தைக் கஜானாவில் போட்டு, அதே கஜானாவிலிருந்து நலத்திட்டம் வழங்கும் ஊர்க்காரன் நான்.

போன வசந்தத்தில் என் மகளும் போய் வந்தாள். கழுத்தில் கயிறு கட்டிய மர வட்டு, அதில் அவள் பெயர். தலைமை தாங்கிய உயர்நிலைப் பள்ளி அக்காவின் நிஜப் பெயர் கடைசிவரை பரம ரகசியம். மண்ணின் அமிலத்தன்மை, அழுகிய மரக்கட்டையில் முளைக்கும் புதுக்கன்று என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனவள், நடுவில் ஒரு நீல பக்கெட்டையும் சொன்னாள். கேபினுக்கு நட்டநடுவில் வைத்திருந்தார்களாம். ராத்திரி நிரம்பினால் எழுந்து வெளியே கொட்ட வேண்டும். யார் எப்போது எழுந்திருப்பது என்று பிள்ளைகளே முறை போட்டுக்கொண்டார்களாம். மழைநீர் சேகரிப்பை இவ்வளவு செய்முறையாக நடத்துவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முகாமின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் வேண்டுமென்று ஒழுக விடவில்லை. இந்த முகாம்களில் பல, தேவாலயங்களும் இளைஞர் அமைப்புகளும் கோடை விடுமுறைக்கென்று கட்டி வைத்தவை. கோடையில் மழை அபூர்வம், ஓட்டை தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் வருவதோ வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். மேற்கு ஒரேகானில் அப்போது வானம் மூக்கொழுகும் குழந்தை மாதிரி இருக்கும். மரச்சில்லுக் கூரையில் பாசி ஏறும், ஈரம் கோக்கும், சில்லு உளுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீங்கள் பட்ஜெட் போடுவது பாசிக்குத் தெரியாது.

பாசி சுரண்டத் தன்னார்வலர் வேண்டும் என்றார்கள், போனேன். அங்கே பராமரிப்பு பார்க்கும் பெரியவர் மூடி விரிசல்விட்ட செப்டிக் டேங்க் ஒன்றைக் காட்டினார். "புது உணவுக்கூடம் கட்டப் பணம் தர ஆள் உண்டு, சுவரில் பெயர் போடலாம். இதில் யார் பெயரைப் போடுவது?" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் கோயில்களில் ட்யூப் லைட்டின் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு 'உபயம்' எழுதுவார்கள். சாக்கடை அடைப்பு எடுத்தது இன்னார் உபயம் என்று எங்கும் பார்த்ததில்லை.

உங்கள் பணமும் பெரும்பாலும் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் வருகிறது. கூரைக்குத் தலை கிடையாது, செப்டிக் டேங்குக்கு அறவே கிடையாது. பழுதுபார்க்க என்று எங்காவது ஒரு மானியம் கிடைக்கும் என்றால், அதற்கு மூன்று விலைப்புள்ளி, புகைப்படம், தொலைநோக்குப் பார்வை, எதிர்பார்க்கும் விளைவுகள் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஓட்டையை அடைத்தால் எதிர்பார்க்கும் விளைவு என்ன? ஒழுகாது. இதை ஐந்நூறு சொற்களில் எழுதத் தெரிந்த முகாமுக்கு மானியம். தெரியாத முகாமுக்கு பக்கெட். லாட்டரியில் வந்த பணம்தான், அதற்காகக் கொடுக்கும்போதும் குலுக்கல் முறையிலேயே கொடுக்க வேண்டுமா?

2020 செப்டம்பரில் பீச்சி கிரீக் காட்டுத்தீ, ஓபல் கிரீக்கில் பிள்ளைகள் தங்கிப் படித்த ஜாபோன் பிளாட்ஸ் குடில்களைக் கிட்டத்தட்ட முழுதாகத் தின்றது. ஊரே அழுதது. தீ என்றால் கேமராவோடு ஓடி வருவார்கள். பாசி மெதுவாகத் தின்கிறது, அதனால் அது செய்தியில்லை.

ஆகவே, ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கென்று தனியே எடுத்து வைத்து, பள்ளிப் பிள்ளைகள் தங்கும் எல்லா முகாம்களுக்கும் போட்டியில்லாமல் பிரித்துக் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. என் மகன் இப்போது மூன்றாம் வகுப்பு. அவன் முறை வர உங்களுக்கு இன்னும் ஒரு பட்ஜெட் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
லாட்டரிச் சீட்டு வாங்காத, ஆனால் வரி கட்டும்
ஒரு தகப்பன்