முழங்காலும் முப்பது வைத்தியர்களும்

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மனிதன், வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் அசையாமல் அமர்ந்தும், எஞ்சிய பொழுதைச் சில்க் போர்டு சந்திப்பில் வாகனத்துக்குள் அசையாமல் அமர்ந்தும் கழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மட்டும், 1980-ல் ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்று வந்த பிரகாஷ் படுகோனேயின் ஊர் இது என்ற ஒரே தைரியத்தில், இறகுப்பந்து மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறான். அவனுடைய உற்சாகத்தைக் குறித்து எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆட்சேபமெல்லாம் அவனுடைய முழங்காலுக்குத்தான். அதைத் தெரிவிக்க அது முன்னறிவிப்பும் கொடுப்பதில்லை.

என்னுடையதும் கொடுக்கவில்லை. தலைக்கு மேலே பறந்த பந்தை எட்டிப் பிடிக்கும் வேகத்தில் உடம்பு ஒரு திசையில் திரும்ப, புதிதாக வாங்கிய காலணியோ தளத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு திரும்ப மறுக்க, இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட வலது முழங்காலிலிருந்து ‘டப்’ என்று ஒரு சப்தம் கேட்டது. எதிர்ப்புறம் நின்ற நண்பர் என் மட்டையின் நரம்புதான் அறுந்துவிட்டது என்று எண்ணி, தம் பையில் உபரியாக ஒரு மட்டை இருக்கிறது, சங்கோஜப்பட வேண்டாம் என்று பரிவோடு சொன்னார்.

நான் கீழே உட்கார்ந்த மாத்திரத்தில், அதுவரை ஆட்டக்காரர்களாகவும் பார்வையாளர்களாகவும் இருந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்களாக மாறிவிட்டார்கள். குடியிருப்புச் சங்கத்தின் காரியதரிசி, “ஏனூ ஆகல்ல சார்!” என்று கன்னடத்தில் அபயம் அளித்து, எழுந்து நாலு தரம் குதித்தால் சரியாகிவிடும் என்றார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், “சுளுக்குதான், விளக்கெண்ணெய் போட்டு நல்லா நீவி விட்டாப் போச்சு” என்று சொல்லியவாறே சட்டைக் கையை மடிக்கலானார். வெந்நீர் ஒத்தடம் என்றது ஒரு குரல். அயோடெக்ஸ் என்றது மற்றொன்று. வீட்டு வாசலில் இறக்கிவிட்ட ஆட்டோக்காரரோ, மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, புத்தூர்க் கட்டின் மகிமையை இலவசமாக விளக்கினார். இத்தனை பேரிலும் ஒருவராவது என்னை ஒரு கேள்வி கேட்டாரில்லை என்பதுதான் விசேஷம். என் மனைவி மாத்திரம், “யாரும் கையை வைக்கப்படாது” என்று உத்தரவு போட்டு, துணியில் சுற்றிய பனிக்கட்டியை முழங்காலின்மேல் வைத்து, காலைத் தலையணைமீது தூக்கி வைத்தாள். மருத்துவமனை திறக்கும்வரை அந்த உத்தரவு அமலில் இருந்தது.

எலும்பு மருத்துவர் வயதில் இளைய பெண்மணி. அவர் காலைத் தொடுமுன்பே மூன்று கேள்விகள் கேட்டார். எப்படித் திரும்பினீர்கள்? சப்தம் கேட்டதா? வீக்கம் எப்போது வந்தது? கடைசிக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறதாம். அடிபட்ட இரண்டொரு மணி நேரத்துக்குள் முழங்கால் உருண்டு திரண்டுவிட்டால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அநேகமாக ஏ.சி.எல். என்னும் தசைநார் அறுந்திருக்கும். மறுநாள் மெதுவாக வீங்கினால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமற்போனால் கிழிந்த ஜவ்வு நடுவில் சிக்கியிருக்கும். படி இறங்கும்போது முழங்கால் நழுவி ஏமாற்றினால் அது தசைநாரின் குறை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை முன்பக்கமாக இழுத்தார். அலமாரியில் தாழ்ப்பாள் போன இழுப்பறை வருவதுபோல அது சிரமமில்லாமல் முன்னால் வந்தது. இடது காலையும் அப்படியே இழுத்துப் பார்த்தார், அது வரவில்லை. எம்.ஆர்.ஐ. படம் பின்னால் வந்து, ஏ.சி.எல். அறுந்துவிட்டது என்ற அவர் வாக்கை ஊர்ஜிதம் செய்ததே தவிர, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். தசைநார் அதில் தெரியாதே என்றேன். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் வகுத்த விதி ஒன்று உண்டாம். அடிபட்டவர் நாலடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, வயது 55 ஆகிவிட்டாலோ, எலும்பு முறிவு உண்டா என்று பார்த்தே ஆக வேண்டுமாம். இரண்டு தகுதிகளும் எனக்கு இருந்தன.

என் மனைவி வைத்த பனிக்கட்டிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாற்படிச் சூத்திரத்தை 1978-ல் பிரசித்தமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 2014-ல் தாமே முன்வந்து, பனிக்கட்டி வலியைக் குறைக்குமே ஒழிய காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும் என்று எழுதினார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துத் தம் அபிப்பிராயத்தைத் திருத்திக்கொள்ள ஒரு மனிதருக்கு மனம் வந்திருக்கிறது. எங்கள் வங்கி அதிகாரி இன்றைக்கும் விளக்கெண்ணெய்க் கட்சியில்தான் இருக்கிறார்.

படுத்திருந்த நாட்களில் என்னிலும் பெரிய முழங்கால்களை நினைத்து ஆறுதல் அடைந்தேன். யுத்த காலத்தில் இந்தியாவுக்கு வந்து, ஹோல்கர் அணிக்காக ரஞ்சி இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் குவித்த ஆங்கிலேயக் கிரிக்கெட் வீரர் டெனிஸ் காம்ப்டன், கால்பந்தில் கெடுத்துக்கொண்ட முழங்காலின் சில்லையே 1955-ல் எடுத்துவிட நேர்ந்து, மறு வருஷமே ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 94 அடித்தார். அந்தச் சில்லை லார்ட்ஸில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். புல்லேலா கோபிசந்த் 1994-ல் புணேயில் தேசிய விளையாட்டுப் போட்டியின்போது முழங்காலை முறித்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதே பெங்களூரில் உழைத்து, படுகோனே வென்ற பட்டத்தை 2001-ல் தாமும் வென்றார்.

இவற்றை மருத்துவரிடம் எடுத்துரைத்தபோது, “நீங்களும் ஆல் இங்கிலாந்துக்குப் போற உத்தேசமா சார்?” என்று அவர் விநயமாக வினவினார். இல்லையென்றதும், ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் கத்தி அவசியமில்லை, தொடைத் தசை திடமானால் சாதாரண வாழ்க்கைக்குப் போதும் என்று பிசியோதெரபிஸ்டிடம் ஒப்படைத்துவிட்டார். அவரோ சுருட்டிய துவாலையை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை நசுக்கச் சொன்னார். கேட்க அற்பமாக இருக்கும். செய்து பார்த்தால், இளைத்துப்போன தொடை நடுங்க, குதிகால் படுக்கையைவிட்டு ஓர் அங்குலம் எழும்புவதற்குள் நெற்றி வியர்த்துவிடும். துவாலையை நான் இன்றும் நசுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பக்கத்துத் தளத்தில் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவரைக் குதிக்கச் சொல்லாதீர்கள், நீவியும் விடாதீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை மட்டும் குறித்து வையுங்கள். மருத்துவர் அதைத்தான் கேட்பார்.