யார் படிக்க வேண்டும்?

கேள்வி: குரூப் 4 தேர்வில் மூன்று முறை கோட்டை விட்டுவிட்டேன். பயிற்சி மையம் சரியில்லை. வீட்டிலும் ஒரே சத்தம். என்னதான் செய்வது?
— வாசகர், விருதுநகர்

பதில்: 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தேர்வு அறைக்குள் பயிற்சி மையமும் வராது, வீட்டுச் சத்தமும் வராது. நீங்களும் கறுப்பு மைப் பேனாவும்தான்! பாதிக் கேள்விகள் தமிழ். அதில் 60 மதிப்பெண் வாங்காவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள். அதற்கு அடித்தளம் பள்ளிப் பாடநூல். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மையம் சரியில்லையா? புத்தகம் சரியாகத்தானே இருக்கிறது! வீட்டில் சத்தமென்றால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விடுங்கள். பழைய வினாத்தாளில் தவறியதை நோட்டில் குறித்து, மறுவாரம் மறுபடி எழுதிப் பாருங்கள். அம்மா சோறு போடலாம், நண்பர் நோட்ஸ் தரலாம். படிப்பது உங்கள் வேலை. இன்று மாலையே தொடங்குங்கள், தம்பி.